ஐயமும் துணிவும்: அரசாங்க விதிகளைப் பற்றி ஒரு நீதிபதியின் கொள்கை

சட்டத்தில் உள்ள ஒரு சொல் இருபொருள் படுமாயின், அவற்றுள் இதுவே பொருளென்று துணிந்து கூறும் உரிமை யாருக்குரியது? அதனை நடத்தும் அதிகாரிக்கோ, வழக்கைக் கேட்கும் நீதிபதிக்கோ? இவ்வினா வழக்கறிஞர்க்கு மட்டும் உரியதென்று நம்மனோர் ஒதுக்கிவிடுதல் கூடாது. மூலமும் உரையும், விதியும் விலக்கும், ஐயமும் துணிவும் ஆகிய இவற்றை இடைவிடாது ஆராய்ந்து பழகியவர்க்கு இஃது அயலான வினாவன்று. நூற்பா ஒன்றுக்குத் தனக்கு வேண்டியவாறு பொருள்கொண்டு, அப்பொருளையே கோலாகப் பிடித்துப் பிறனை ஒறுப்பவனை உரையாசிரியன் என்று எவரும் சொல்லார். அவ்வாறு ஒறுப்பவன் அரசாங்கத்தின் இலாகாவாக இருப்பின் மட்டும் அதனை ஒப்புக்கொள்ளலாமோ என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சுப்ரீம் கோர்ட்டு எனப்படும் தலைமை நீதிமன்றத்தில் 2017 ஆம் ஆண்டில் நீதிபதியாக அமர்ந்த நீல் கோர்சச் என்பார் இதற்கு ஒளிவுமறைவின்றி விடை கூறியவர். பொருள் துணிவது நீதிபதியின் கடமை. இலாகா தன் வழக்கில் தானே பொருள் கூறிக்கொள்ளல் ஆகாது என்பது அவர் கொள்கை. அதனோடு, அரசாங்கம் வகுக்கும் விதிகள் அளவிறந்து பெருகிவிட்டன, அவற்றால் எளியோர் நசுக்குண்கின்றனர் என்னும் ஐயப்பாடும் அவர்பால் உண்டு. 2024 இல் ஜேனி நிட்சே என்பாருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூல், சட்டத்தின் மிகுதியால் மாந்தர்க்கு நேரும் துன்பத்தையே பொருளாகக் கொண்டது. கொள்கையும் ஐயப்பாடும் ஆகிய இவ்விரண்டினையும் ஒன்றென்றே அவரைப் புகழ்வாருள்ளும் இகழ்வாருள்ளும் பலர் கொள்கின்றனர். அவை ஒன்றல்ல; முன்னது வலியுடையது; பின்னது முன்னதினின்று பெறப்படுவதன்று. இதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வேறுபாட்டை விளக்குதற்கு அவர் குடும்ப வரலாறே போதியதாகும். ரீகன் என்பார் குடியரசுத் தலைவராயிருந்த 1981 இல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவின் தலைமைப் பதவியை ஏற்றவர் ஆன் கோர்சச் அம்மையார். இவர் நம் நீதிபதியின் அன்னையார். காற்றைத் தூய்மையாகக் காக்கும் சட்டத்திலே, மாசு வெளிப்படும் மூலத்தைக் குறிக்கும் ஒரு சொற்றொடர் உண்டு. ஆலை ஒன்றில் உள்ள பொறிகளும் புகைபோக்கிகளும் தனித்தனி மூலங்களா, ஆலை முழுவதும் சேர்ந்து ஒரே மூலமா என்பதைச் சட்டம் தெளிவுறுத்தவில்லை. முழுவதும் ஒன்றே என்று இலாகா அவ்வாண்டில் விதி வகுத்தது. அங்ஙனங் கொள்ளின், ஒரு பகுதியிற் புதுப்பொறி நிறுவிப் புகையை மிகுத்தவர் மற்றொரு பகுதியில் அதற்கு ஈடாகக் குறைத்துவிடின், புதிய அனுமதிக்குரிய கடுமையான நிபந்தனைகளுக்கு உட்படவேண்டுவதில்லை. ஆகவே அவ்விதி ஆலைகளின் கட்டை நெகிழ்த்தியதேயன்றி இறுக்கியதன்று. இயற்கை வளங்காப்போர் வழக்குத் தொடுத்தனர். கீழ்மன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1984 இல் தலைமை நீதிமன்றம் அதனை மாற்றி இலாகாவின் பக்கம் தீர்த்தது. செவ்ரான் வழக்கு எனப்படுவது இதுவே. சட்டம் தெளிவாயிருப்பின் அதுவே முடிவு. அது வாளாவிருப்பினும் இருபொருள் படினும், இலாகா கொண்ட பொருள் ஏற்கத்தக்கதாயின் நீதிபதி அதற்கு இணங்குக என்பது அத்தீர்ப்பு வகுத்த நெறி.

அந்நெறி நாற்பதாண்டு நின்றது. மகனார் பின்னாளில் வேரோடு களைய முயன்ற நெறி, அன்னையார் தலைமையில் வகுத்த விதியைக் காத்தற்பொருட்டுப் பிறந்தது என்பதை நினைப்பின் நகை தோன்றும். அந்நகையோடு ஓருண்மையும் புலப்படும். இலாகாவுக்கு இணங்கும் நெறி, விதிகளைப் பெருக்குதற்கென்றே தோன்றியதன்று. விதிகளைத் தளர்த்த விரும்பியவர்க்கும் அது கருவியாயிற்று. எனவே அந்நெறியை மறுப்பவர் விதிகளையே மறுப்பவர் என்றல் பொருந்தாது.

இனி, அவர் கொள்கைக்கு வலியாவது யாதெனிற் கூறுதும். கோர்சச் 2006 முதல் 2017 வரை பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தார். 2016 இல் ஆங்கு ஒரு வழக்கு வந்தது. முறையான அனுமதியின்றி அந்நாட்டிற் புகுந்து வாழ்ந்தவர் ஒருவர், தம் குடியிருப்பை முறைப்படுத்துமாறு 2009 இல் விண்ணப்பித்தார். சட்டத்தின் ஒரு பிரிவு, அத்தகையோர்க்கு இரங்கி அனுமதிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. மற்றொரு பிரிவோ நாட்டைவிட்டு வெளியேறிப் பத்தாண்டு காத்திருக்குமாறு பணித்தது. இரண்டும் முரணுவன. இரக்கம் காட்டும் பிரிவே செல்லும் என்று அவ்வட்டார நீதிமன்றம் 2005 இல் தீர்த்திருந்தது. குடியேற்ற இலாகாவின் மேல்முறையீட்டுக் குழுவோ 2007 இல் அதற்கு மாறாகப் பொருள் கொண்டது. இலாகாவின் பொருளுக்கு இணங்கவேண்டும் என்ற நெறிப்படி, 2011 இல் அந்நீதிமன்றமே தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. விண்ணப்பித்தவர் நீதிமன்றத்தின் சொல்லை நம்பி விண்ணப்பித்தார். அவர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே காலடியில் நிலம் பெயர்ந்தது. புதிய பொருளைப் பழைய விண்ணப்பத்தின்மேற் செலுத்தி இலாகா மறுத்தது.

அது செல்லாதென்று கோர்சச் தீர்ப்பெழுதினார். மன்றத்தின் பொருட்டு எழுதியதோடு அமையாது, செவ்ரான் நெறியே தவறென்று தம் பெயரால் தனியாக ஓர் உரையும் எழுதிச் சேர்த்தார். ஓர் இலாகா விதியை ஆக்குகின்றது, அதனை நடத்துகின்றது, வழக்கு எழுந்தால் அதன் பொருளையும் தானே துணிகின்றது, துணிந்ததைப் பின்னொருநாள் மாற்றியும் கொள்கின்றது. மூன்று தொழிலும் ஒரு கையிற் சேருதல் கொடுங்கோன்மையின் இலக்கணம் என்று மாடிசன் 1788 இலேயே எழுதிவைத்தார். அக்கருத்தே இவர் வாதத்தின் அடிப்படை.

அதே ஆண்டில் எழுந்த வேறொரு வழக்கு இதனினும் தெளிவானது. வீட்டிலேயே நோயாளிகளைப் பேணும் சிறு நிறுவனம் ஒன்று, 2008 இல் செய்த தொண்டுக்கு அரசாங்க மருத்துவ நிதியிலிருந்து பணம் பெற்றது. அப்பணிகள் விதிக்கு ஒத்தன அல்ல என்று சொல்லி, எட்டு லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பிக் கட்டுமாறு இலாகா பின்னர்ப் பணித்தது. வழக்கை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது யாது? இலாகா எடுத்துக்காட்டிய விதிகள் அப்பணிகள் நடந்தேறிய பின்னரே வகுக்கப்பட்டவை! பணி செய்த காலத்திலே நடப்பிலிருந்த விதி வேறு. அதன்படி நோக்கின் அந்நிறுவனத்தார் முறைப்படியே நடந்திருத்தல் கூடும். விதியை வகுத்தவர்க்கே தம் விதி எந்நாளில் எது என்பது தெரியவில்லை. அவ்வாறாயின் அதற்கு அடங்கி நடக்கவேண்டிய குடிமக்கள் நிலை என்னை?

இஃது இக்காலத்துப் புதுமையன்று. 1935 இல் அதே தலைமை நீதிமன்றத்தின்முன் எண்ணெய்க் கட்டுப்பாட்டைப் பற்றிய ஒரு வழக்கு வந்தது. அளவுக்குமேல் எண்ணெய் எடுத்தார் என்று ஒருவரை வழக்கிற் பிணித்த அரசாங்கம், அக்குற்றத்தை வகுத்த பத்தி முந்தைய ஒரு திருத்தத்தின்போது கைப்பிழையாக நீங்கிப் போயிருந்ததைப் பின்னரே கண்டறிந்தது. இல்லாத விதியை மீறிய குற்றம்! அந்நாளில் விதிகளைத் திரட்டி ஓரிடத்தில் அச்சிடும் வழக்கமே அங்கு இருந்ததில்லை. அவ்வாண்டிலேயே அதற்கெனச் சட்டம் இயற்றி, 1936 முதல் அரசாங்கப் பதிவிதழ் ஒன்றை வெளியிடலாயினர். இன்று அவ்விதழின் பக்கங்கள் ஆண்டொன்றுக்கு 60,000 ஐக் கடந்துவிட்டன. முன்னே விதி கிடைக்காமையால் அறியவொண்ணாதிருந்தது. இப்பொழுது மிகுதியால் அறியவொண்ணாததாயிற்று. உரோமப் பேரரசன் கலிகுலா தன் வரிச்சட்டத்தைப் படிக்கவொண்ணாத சிற்றெழுத்தில் பொறித்து வைத்தான் என்னும் பழங்கதை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கட்டளை என்பது கேட்பவன் அறிவை நோக்கி எழுவது. மரத்தை வெட்டுகிறவன் மரத்துக்குக் கட்டளையிடுவதில்லை. அறிவும் இச்சையும் உடைய உயிரை நோக்கியே ‘இது செய்க, இது தவிர்க’ என்று சொல்லுதல் கூடும். ஆகலின், முன்னரே அறியவொண்ணாத கட்டளை, கட்டளை என்னும் பெயர்க்கே உரியதன்று. அது மறைந்திருந்து எறியும் கல். கோர்சச்சின் முதற்கொள்கை இவ்விடத்தில் அசையாது நிற்கின்றது. அவர் இதனைச் செல்வர்க்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் நடுநிலை பற்றிக் கூறவேண்டும். குடியேறியவர் ஒருவரை நாடுகடத்துதற்குக் காட்டிய சட்டப்பகுதி தெளிவற்றது, ஆதலின் செல்லாது என்று 2018 இல் அவர் வாக்களித்தார். பாலியற் குற்றவாளிகளின் பதிவு பற்றிய சட்டம் யார்யார்க்குச் செல்லும் என்பதைத் துணியும் பொறுப்பை, சட்டசபை அரசாங்க அதிகாரி ஒருவர் கையில் விட்டது தவறென்று 2019 இல் மாறுபட்ட தீர்ப்பெழுதினார். யாவராலும் வெறுக்கப்படுவோர்க்கும் இந்நெறி செல்லும் என்றமையால், அவர் கொள்கை கொள்கையாகவே நின்றது.

அற்றேல், நுண்ணிய பொருள்களை ஆராயும் அறிவு நீதிபதிக்கு ஏது? 2024 ஜூன் 28 ஆம் நாள் செவ்ரான் நெறியைத் தலைமை நீதிமன்றம் நீக்கியபோது, நீதிபதி எலினா கேகன் அம்மையார் மாறுபட்ட தீர்ப்பில் எழுப்பிய தடை இதுவே. அமினோ அமிலங்களாற் கோக்கப்பட்ட ஒரு பொருள் எந்நிலையிற் புரதம் எனப்படும்? ஓரிடத்து அணில்கள் தனி இனத்தொகுதியாக எப்பொழுது எண்ணப்படும்? இவற்றை இயற்கைநூல் வல்லவர் துணிவாரோ, சட்டநூல் வல்லவர் துணிவாரோ என்பது அவர் வினா. தடை வலியுடையதே. அதற்கு விடை, சான்று வேறு, துணிவு வேறு என்பது. மருத்துவர் மன்றிலேறிச் சொல்வதை நீதிபதி கருத்தூன்றிக் கேட்கிறார்; கேட்டபின் தீர்ப்பைத் தாமே எழுதுகிறார். மருத்துவரே வழக்கின் ஒரு கட்சியாக இருந்தால் இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாததாகும். இலாகாவின் கருத்து தன் காரணவலிமையால் எவ்வளவு இணங்கச் செய்யுமோ அவ்வளவு மதிப்புப் பெறுக என்று 1944 இலேயே அந்நீதிமன்றம் கூறியதுண்டு. 2024 இல் அதனை விலக்கவில்லை.

ஆயினும் நீதிபதிகள் இவ்விடையைச் சொல்லித் தருக்கியிருத்தலும் ஆகாது. 2024 ஜூன் 27 இல், அஃதாவது மேற்சொன்ன தீர்ப்புக்கு முதல்நாள், ஒரு மாநிலத்தின் புகை காற்றோடு சென்று மற்றொரு மாநிலத்தாரை வருத்தாமல் தடுக்கும் விதி ஒன்றை நிறுத்தி வைத்தது அந்நீதிமன்றம். ஐவர் ஒருபுறம், நால்வர் ஒருபுறம். ஐவரின் தீர்ப்பை எழுதியவர் கோர்சச். அத்தீர்ப்பிலே, புகைமாசாகிய நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறிக்கவேண்டிய இடங்கள் பலவற்றில் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் பெயர் நின்றது. இது பல்மருத்துவர் நோவு தோன்றாமலிருக்க மூக்கிற் செலுத்தும் சிரிப்பு வாயு! பின்னர்த் திருத்தப்பட்ட படி வெளியாயிற்று. எழுத்துப்பிழை எவர்க்கும் நேரும்; ஆனால் புகையை ஆண்டுக்கணக்காய் அளந்து பழகிய இலாகாவின் கடைநிலை ஊழியர்க்கும் இப்பிழை நேர்ந்திராது. ஐயப்படுபவர் அதிகாரியின்மேல் ஐயப்படும் அளவு தம் அறிவின்மேலும் ஐயப்படவேண்டும் என்று அன்பர்கள் சொல்வார்களாயின், யாம் மறுக்கமாட்டோம்.

இதுகாறும் கூறியது பொருள் துணியும் இடத்தைப் பற்றியது. இனி, துணியப்பட்ட பொருளின் தன்மையை நோக்குதும். இதற்கு அவரே எழுதிய ஒரு மாறுபட்ட தீர்ப்பு, 2016 இல் எழுந்தது, கருவியாக உதவும். 2009 ஜனவரியில், இல்லினாய் மாநிலத்துப் பெருஞ்சாலையில், நள்ளிரவுக் கடுங்குளிரில், சரக்கு லாரி ஒன்றின் பின்னே பூட்டிய வண்டியின் பிரேக்குகள் உறைந்து இறுகிவிட்டன. முன்வண்டியில் சூடேற்றும் பொறியும் கெட்டது. ஓட்டுநர் செய்தி சொல்லிவிட்டு மணிக்கணக்காய்க் காத்திருந்தார். உடல் மரத்தது, கால்களில் உணர்வு அற்றது. அப்படியே இருக்கவேண்டும், அல்லது பின்வண்டியை இழுத்துக்கொண்டு செல்லவேண்டும் என்பது நிறுவனத்தாரின் சொல். பிரேக்குப் பிடித்த வண்டியைப் பனிச்சாலையில் இழுத்துச் செல்லுதல் பிறர் உயிர்க்கு இறுதி. இருத்தல் தம் உயிர்க்கு இறுதி. அவர் பின்வண்டியைக் கழற்றிவிட்டு முன்வண்டியை மட்டும் ஓட்டிச் சென்றார்; பழுது பார்ப்பவர் வந்ததும் திரும்பினார். நிறுவனம் அவரை வேலையினின்று நீக்கிற்று.

தமக்கோ பிறர்க்கோ பெருந்தீங்கு நேருமென்று நியாயமாக அஞ்சி வண்டியை ஓட்ட மறுத்த தொழிலாளியை நீக்கலாகாது என்பது சட்டம். தொழில் இலாகா அச்சட்டத்தின் பாதுகாப்பை ஓட்டுநர்க்கு அளித்தது. மூவருள் இரு நீதிபதிகள் இலாகாவுக்கு இணங்கினர். கோர்சச் இணங்கவில்லை. சட்டம் ‘ஓட்ட மறுத்தவரை’க் காக்கிறது; இவரோ ஓட்டினார்; ஆதலின் சட்டம் இவரைக் காவாது என்றார். நிறுவனம் செய்தது அறிவுடைமையா, அன்புடைமையா என்பது வேறு கேள்வி, அதனைத் தீர்ப்பது தம் வேலையன்று என்றும் எழுதினார். 2017 இல் அவர் நியமனத்தை ஆராய்ந்த செனட் சபையில் இத்தீர்ப்புக் கடுமையாக வினவப்பட்டது.

இங்கு அவர் தவறியது எங்கே? இலாகாவுக்கு இணங்காமையில் அன்று. பொருளைத் தாமே துணிந்தமையில் அன்று. துணிந்த பொருள் குறுகியது என்பதே குற்றம். வண்டி என்று நிறுவனம் அவர்பால் ஒப்புவித்தது பின்வண்டியோடு கூடியதை. அதனை அவர்கள் பணித்தவாறு ஓட்ட அவர் மறுத்தார். ‘ஓட்ட மறுத்தல்’ என்பதற்கு, பணித்த வகையில் ஓட்ட மறுத்தல் என்று கொள்ளுதலும் இயலும் என மற்றை நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். சொல்லுக்கு அப்பொருள் வலிந்து கூறுவதன்று, இயல்பாகவே உண்டு. சட்டம் எதன்பொருட்டு எழுந்தது என்பதையும் உடன்வைத்து நோக்கும் எந்த உரையாசிரியனும் அதனையே கொள்வான். ஆக்ஸ்போர்டிலே, சட்டம் அனைவர்க்கும் பொதுவான நன்மையை நோக்கியது என்று கற்பித்த பேராசிரியர் ஜான் பின்னிஸ் என்பாரிடம் ஆராய்ச்சி செய்தவர், சொல்லின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு அதன் நோக்கத்தைக் கைவிட்டது வியப்பாகவே இருக்கின்றது. ஓட்டுநரின் வழக்கில், எளியவனைக் காக்க நின்றது அவர் ஐயுற்ற அந்த இலாகாதான்.

அவருடைய இரண்டாவது கருத்து, அஃதாவது விதிகளின் மிகுதியே தீமை என்பது, எவ்வளவையால் நிறுவப்படுகிறது என்று பார்ப்போம். விதியால் வருந்தியவரின் கதைகளால். கதைகள் உண்மையானவை, சில மிகவும் இரங்கத்தக்கவை. ஆனால் விதியால் வரும் துன்பம் காட்சியளவையாற் பெறப்படுவது: அபராதம் கட்டியவர், உரிமம் இழந்தவர், மன்றின்முன் வந்து நிற்கிறார். விதியால் வரும் நன்மையோ பெரும்பாலும் கருதலளவையாலேயே பெறப்படும். புகை குறைந்தமையால் நெஞ்சுநோய் வாராதிருந்தவன், தனக்கு அந்நோய் வாராமைக்கு இதுவே காரணம் என்று அறியான். அவனுக்கு வழக்கும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அவனைப் பற்றிக் கதை எழுதவும் ஒண்ணாது. காட்சி ஒன்றையே அளவையாகக் கொண்ட உலகாயதரை மறுத்து, காணாத நெருப்பைப் புகைகொண்டு துணிதல் நம் நூல்களின் வழக்கம். கோர்சச் உலகாயதர் என்று யாம் கூறவில்லை; ஆனால் மன்றின் முன் வந்தவரின் கண்ணீரை மட்டும் எண்ணி, வாராதவரின் நலத்தை எண்ணாமல் விதிகளைத் தொகுத்து அளப்பவர், அவ்வளவில் அந்நெறியிற் செல்கிறார் என்பதை மறைப்பது எற்றுக்கு?

செவ்ரான் நெறியை வீழ்த்திய வழக்கையே எடுத்துக்கொள்க. அட்லாண்டிக் கடலில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகுகளில், பிடித்த மீனைக் கணக்கிடும் பார்வையாளர் ஒருவரை ஏற்றிச் செல்லவேண்டும், அவர்க்குரிய செலவைப் படகுக்காரரே கொடுக்கவேண்டும் என்று 2020 இல் விதி வகுக்கப்பட்டது. செலவு நாளொன்றுக்கு 710 டாலர் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டனர். நியூஜெர்சி, ரோட் தீவு ஆகிய இடங்களின் மீனவர் குடும்பத்தினர் வழக்காடினர். 1976 ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் பார்வையாளரை ஏற்றுவதற்கு இடங்கொடுக்கின்றது. செலவைப் பற்றியோ வேறு சில வகைப் படகுகளுக்கே வெளிப்படையாகச் சொல்லி, இவற்றைப் பற்றி வாளாவிருக்கின்றது. இலாகாவின் பொருளுக்கு இணங்கவேண்டுவதில்லை என்று அறுவர் தீர்த்தது சரியே என்பது எம் கருத்து. சட்டத்தில் இல்லாத கடனை ஒருவன் தலையில் வைப்பதற்கு அதிகாரியின் துணிபு போதாது. ஆனால் பார்வையாளர் வேண்டாம் என்பது இதனாற் பெறப்படுமோ? பெறப்படாது. மீனுக்கு வாயில்லை, எண்ணாமற் பிடித்தால் மீன் அருகும், மீன் அருகினால் அதே மீனவரின் மக்கள் வலையை மடித்துவைக்க நேரும். எண்ணுதற்குரிய செலவை யார் தருவது என்று சட்டசபை கூடிச் சொல்லவேண்டும் என்பதுதான் பெறப்படும். விதி குறையவேண்டும் என்பதன்று; விதிக்கு உரியவர் விதிக்கவேண்டும் என்பது.

சட்டசபை அங்ஙனம் விரைந்து சொல்லுமா என்பது பெரிய ஐயம். ஒவ்வொரு நுண்பொருளுக்கும் கூடி வாதித்து முடிவுசெய்யும் பொறுமை எந்த நாட்டுச் சட்டசபைக்கும் மிகுதியாக இல்லை. அதனால், ‘தகுந்த’, ‘நியாயமான’ என்பன போன்ற அகன்ற சொற்களைச் சட்டத்திற் பெய்து, மற்றவற்றை அதிகாரியிடம் விடுவது அவர்கள் வழக்கம். அத்தகைய இடங்களில் சட்டமே அதிகாரிக்கு உரிமை அளித்தமையால், அவ்வுரிமையின் எல்லையைக் காப்பதே நீதிபதியின் தொழில் என்று 2024 இன் தீர்ப்புக் கூறிற்று. எல்லையை அவர்கள் அகலமாக வரைவார்களோ, ஓட்டுநர் வழக்கிற் கோர்சச் வரைந்ததுபோல் ஒடுக்கமாக வரைவார்களோ என்பது இனி வழக்குத்தோறும் எழும் வினா.